இதழில் வருமுன் இணையத்தில் இடலாமா? ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. எண் கோட்பாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் தங்கள் மகளிடம், முதல் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பும் நாளிலேயே ஆர்க்கைவ் என்னும் இணையக் களஞ்சியத்திலும் இட்டுவிடுமாறு நெறியாளர் கூறியிருக்கிறார். மருந்து வேதியியலில் ஆய்வு செய்யும் தங்கள் தங்கை மகனோ, அச்சில் வருமுன் ஒரு வரியைக்கூட வெளியே காட்டக் கூடாது என்கிறார். பல நாள் உழைப்பை வேறொருவர் எடுத்துக்கொள்வாரோ என்று தாங்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. நெறியாளர், தங்கள் தங்கை மகன் இருவருமே தத்தம் துறைக்குச் சரியானதையே சொல்கிறார்கள்.

கணிதத்தில் ஒரு நிரூபணத்தை ஆய்விதழ் நியமிக்கும் நடுவர்கள் வரிவரியாகச் சரிபார்த்து முடிக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை துறை காத்திருக்க முடியாது. முன்பெல்லாம் இயற்பியலாளர்களும் கணிதவியலாளர்களும் கட்டுரையைப் படியெடுத்துத் தெரிந்தவர்களுக்குத் தபாலில் அனுப்பிவந்தார்கள். அந்த முகவரிப் பட்டியலில் இடம்பெறாத சிறிய கல்லூரிகளுக்குச் செய்தி தாமதமாகவே எட்டியது. 1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் தொடங்கிய ஆர்க்கைவ் இந்த ஏற்றத்தாழ்வைப் பெருமளவு குறைத்தது. பின்னர் பல ஆண்டுகள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வளர்ந்த அந்தக் களஞ்சியத்தில் கட்டுரையை இடுவதற்கும் படிப்பதற்கும் கட்டணம் இல்லை. கட்டுரை வந்து சேர்ந்த நாள் அதில் பதிவாகிறது. பின்னர் திருத்தினாலும் பழைய வடிவம் அப்படியே இருக்கும். ஆகவே அங்கே இடுவது, நிலத்தைத் தம் பெயரில் பத்திரப்பதிவு செய்து வைப்பதற்கு ஒப்பானது. திருட்டுக்கு அஞ்சும் தாங்கள் தயங்குவதைவிட விரைவுபடுத்துவதே பொருத்தம்.

நம் நாட்டிலேயே இதற்கு அருமையான சான்று உண்டு. ஓர் எண் பகா எண்தானா என்பதை விரைவாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் கண்டறியும் முறையை, 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியின் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயல், நிதின் சக்சேனா ஆகிய மாணவர்களும் வெளியிட்டார்கள். இதழ் அச்சாகும் வரை காத்திராமல் அவர்கள் அதை வல்லுநர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள், இணையத்திலும் வைத்தார்கள். யாரும் அதைத் தமதென்று சொல்லிக்கொள்ளவில்லை. மாறாக, படித்தவர்கள் அளித்த யோசனைகளால் நிரூபணம் மேலும் எளிமையாயிற்று. 'அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழில் அது வெளிவந்தது 2004-இல்தான்.

தங்கள் தங்கை மகனின் உலகம் வேறு. புதிய மூலக்கூறு ஒன்றுக்குக் காப்புரிமை கோருமுன் அதை வெளியிட்டுவிட்டால், புதுமை என்ற தகுதியே பறிபோகக்கூடும். மருத்துவத்தில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. சரிபார்க்கப்படாத முடிவை நம்பி ஒரு நோயாளி மருந்தை மாற்றிவிடலாம். மருத்துவக் கட்டுரைகளுக்கென 2019-இல் தொடங்கிய மெட்ஆர்க்கைவ் களஞ்சியம், தன்னிடமுள்ள கட்டுரைகளைச் சிகிச்சைக்கு வழிகாட்டியாகக் கொள்ளக் கூடாது என்று வெளிப்படையாகவே அறிவிப்பது இதனால்தான்.

கட்டுரையில் தங்கள் மகளின் பெயர் கடைசியில் இருப்பதைக் கண்டு வருந்தியதாக எழுதியிருந்தீர்கள். கணிதத்தில் ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் இடுவதே பெரும்பாலும் வழக்கம். முதல் பெயருக்கென்று தனிப் பெருமை கிடையாது. உயிரியலில் முதல் பெயர் பெரும்பாலும் சோதனையைச் செய்தவருக்கும், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருக்கும் உரியது. உறவினர் வீட்டில் இவ்வாண்டு எத்தனை கட்டுரை என்று எண்ணிப் பார்ப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த ஒப்பீடு எத்தனையோ நல்ல மாணவர்களின் மனத்தை ஒடித்திருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

தாங்கள் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரையை வெளியிடுவதாக மின்னஞ்சலில் வலைவிரிக்கும் போலி இதழ்களை மகள் நெருங்கவே கூடாது. ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் இதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிகளில் நீக்கிவிட்டது. ஆனால் அவர் பயிலும் பல்கலைக்கழகம் தனக்கென விதி வைத்திருக்கலாம். அதை அலுவலகத்தில் எழுத்துவடிவில் கேட்டுப் பெறுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால், 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் வழியே ஏறத்தாழ 13,000 இதழ்களை அவர் படிக்க இயலும். உள்நுழையும் முறையை நூலகரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

ஆர்க்கைவில் முதன்முறை கட்டுரை இடுபவருக்கு, அத்துறையில் ஏற்கெனவே எழுதிவரும் ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம். அதை நெறியாளரே செய்துகொடுப்பார். இடுமுன், தேர்ந்தெடுத்த ஆய்விதழ் இதை அனுமதிக்கிறதா என்று அதன் விதிமுறைப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடட்டும். கணித இதழ்களில் பெரும்பாலானவை அனுமதிக்கின்றன. அதன்பின், நெறியாளர் குறித்த நாளிலேயே கட்டுரை ஏறட்டும்.

தங்கள் நலம் நாடும்,
கல்வி ஆலோசகர்