கன்னாபிடியால் சேர்த்த பிறகு பகல் தூக்கம்: கிளோபசாமைக் கவனியுங்கள்

டிராவே சிண்ட்ரோம் (குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் கடுமையான வலிப்பு நோய்) உள்ள மகள், கன்னாபிடியால் என்ற வலிப்பு மருந்தைத் தொடங்கிய பத்தாம் நாளிலிருந்து பகலெல்லாம் தூங்கி வழிகிறாள் என்கிறீர்கள். கூடவே கிளோபசாம், வால்புரோயேட் என்ற வேறு இரண்டு வலிப்பு மருந்துகளும் கொடுக்கிறீர்கள். என் முதல் சந்தேகம் கிளோபசாம் மேல்தான். அது உடலில் நார்கிளோபசாமாக மாறும். இந்த நார்கிளோபசாமைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைக் கன்னாபிடியால் தடுப்பதால், ரத்தத்தில் அதன் அளவு சுமார் 3 மடங்கு ஏறி, தூக்கத்தைக் கூட்டக்கூடும். எனவே நார்கிளோபசாம் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். கிளோபசாம் அளவு மட்டும் போதாது. பெரும்பாலும் கிளோபசாமைத்தான் மருத்துவர் குறைப்பார். தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு விடாமல் வரலாம்.

கல்லீரல் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஏஎல்டி, ஏஎஸ்டி, பிலிருபின் மூன்றையும் 1, 3, 6 மாதங்களில் பார்க்க வேண்டும்; வால்புரோயேட்டும் இருப்பதால் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கலாம். கன்னாபிடியாலை ஒருநாள் வெறும் வயிற்றிலும் மறுநாள் சாப்பாட்டோடும் கொடுக்காதீர்கள்; கொழுப்புள்ள உணவோடு உறிஞ்சப்படும் அளவு பல மடங்கு கூடும். தட்டி எழுப்பியும் கண் திறக்கவில்லை, மூச்சு மெதுவாகிறது என்றால் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.