எந்தக் கட்சி சிக்கனக் கட்சி? 401கே பணத்தைத் தொடும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

கேள்வி: நியூ ஜெர்சியில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறோம். குடியுரிமை கிடைத்து இப்போதுதான் ஓட்டுப் போட ஆரம்பித்திருக்கிறேன். வயது 57. போன வருடம் விட்ட வேலையின் 401கே ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் பாதிப் பணம் பாண்டு ஃபண்டில், அதாவது கடன் பத்திரங்களில், இருக்கிறது. கோயிலில் பழக்கமான ஒருவர், "குடியரசுக் கட்சி ஆட்சியில் இருக்கும்வரை செலவு கட்டுக்குள் இருக்கும். அடுத்து ஜனநாயகக் கட்சி வந்தால் கடன் எகிறி பாண்டு விழுந்துவிடும். அதற்குள் காப்பீட்டுக் கம்பெனியின் ஓய்வூதியத் திட்டமான அன்யூட்டிக்கு மாற்றிவிடுங்கள்" என்று வாரம் தவறாமல் சொல்கிறார். என் மகளோ, கடனை ஏற்றியதே குடியரசுக் கட்சிதான் என்று வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்புகிறாள். யார் சொல்வது சரி? பணத்தை மாற்றட்டுமா?

பதில்: மாற்றாதீர்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், இந்தப் பதிலின் கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள்.

குடியரசுக் கட்சி சிக்கனம் பேசும், ஜனநாயகக் கட்சி நலத்திட்டம் பேசும். அது மேடைப் பேச்சு. கருவூலத் துறையின் வரவு செலவுக் கணக்கு அந்தப் பேச்சோடு பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. 1981ல் ரீகன் பதவிக்கு வந்தபோது நாட்டின் மொத்தக் கடன் 1 ட்ரில்லியன் டாலருக்குச் சற்றுக் குறைவு. அவர் இறங்கியபோது அது சுமார் 2.7 ட்ரில்லியன். வரியைக் குறைத்தார், ராணுவச் செலவைக் கூட்டினார், மற்ற செலவுகள் அந்த அளவுக்குக் குறையவில்லை. இளைய புஷ் வந்த 2001ம் நிதியாண்டு 128 பில்லியன் உபரியில் முடிந்தது. 2004ல் அதே கணக்கு 413 பில்லியன் பற்றாக்குறை. நடுவில் இரண்டு வரிக்குறைப்பு, இரண்டு போர். டிரம்ப்பின் முதல் ஆட்சியில், கோவிட் வருவதற்கு முன்பே, வேலைவாய்ப்பு மிக நன்றாக இருந்த 2019ல், பற்றாக்குறை 984 பில்லியன். 2025 ஜூலை 4ல் அவர் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டம் பத்து வருடத்தில் 3.4 ட்ரில்லியன் பற்றாக்குறையைக் கூட்டும் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் கணக்கிட்டது. கோயில் நண்பர் சொல்லும் சிக்கனம் இந்த எண்களில் எங்கே இருக்கிறது என்று அவரையே கேளுங்கள்.

இதை வைத்து ஜனநாயகக் கட்சிதான் சிக்கனக் கட்சி என்று உங்கள் மகள் முடிவு கட்டினால் அதுவும் தவறு. கிளின்டன் காலத்தில் 1998லிருந்து உபரி வந்தது உண்மை. 2000ல் 236 பில்லியன். ஆனால் அதற்கான விதையைப் போட்டவர்களில் ஒருவர் மூத்த புஷ். வரியே ஏற்ற மாட்டேன் என்று சொல்லி ஜெயித்தவர், 1990ல் வரியை ஏற்றும் உடன்பாட்டுக்கு வந்தார். சொந்தக் கட்சி அவரை மன்னிக்கவில்லை. 1993ல் கிளின்டனின் வரி உயர்வுச் சட்டம் குடியரசுக் கட்சியின் ஒரு ஓட்டுகூட இல்லாமல், செனட்டில் துணை அதிபர் அல் கோரின் ஓட்டால் தப்பிப் பிழைத்தது. 1997ல் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை இருந்த நாடாளுமன்றத்தோடு சேர்ந்து செலவைக் குறைத்தார்கள். கூடவே கம்ப்யூட்டர் துறை ஏற்றத்தில் வரி கொட்டியது. இதில் எந்தப் பங்கை எந்தக் கட்சிக்கு எழுதுவது? பைடன் ஆட்சியின் 2024ம் நிதியாண்டில் பெரும் மந்தமும் இல்லை, பெருந்தொற்றும் இல்லை, பற்றாக்குறை 1.8 ட்ரில்லியன்.

மகள் அனுப்பிய மாதிரிப் படங்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் ஓர் இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இரு பக்கத்தாரும் இதை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1ல் தொடங்கி செப்டம்பர் 30ல் முடிகிறது. அதிபர் பதவியேற்பது ஜனவரி 20. ஆக, புது அதிபர் வரும்போது அந்த ஆண்டில் கிட்டத்தட்ட நான்கு மாதம் போயிருக்கும். பட்ஜெட்டும் முந்தையவர் காலத்தில் போட்டது. 2009ஐப் பாருங்கள். அந்த நிதியாண்டு 2008 அக்டோபரில், இளைய புஷ் பதவியில் இருக்கும்போதே தொடங்கியது. வங்கிகளைக் காப்பாற்றும் சட்டம் அதே மாதம் வந்தது. 2009 ஜனவரி முதல் வாரங்களில், ஒபாமா பதவியேற்கும் முன்பே, பற்றாக்குறை 1.2 ட்ரில்லியனாக இருக்கும் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் சொல்லிவிட்டது. ஒபாமாவின் ஊக்கத் திட்டத்தில் ஒரு பகுதி சேர்ந்து, கடைசியில் 1.4 ட்ரில்லியனில் நின்றது. அந்த 1.4 முழுவதையும் ஒபாமா பெயரில் எழுதும் படம், மருமகள் வந்த மாதத்து மளிகை பாக்கி முழுவதையும் அவள் தலையில் கட்டுவதற்குச் சமம். அதே 1.4ஐத் தொடக்கமாக வைத்து, "2015க்குள் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறக்கினார்" என்று பெருமை பேசுவதும் அரை உண்மைதான். அதில் ஒரு பகுதி வேலையை மந்தம் தெளிந்ததும், குடியரசுக் கட்சிக் கீழவை வற்புறுத்திய 2011 செலவு வரம்பும் செய்தன. பைடன் 1.7 ட்ரில்லியன் குறைத்ததாகச் சொல்லிக்கொண்டதும் இதே வகை: 2020ன் 3.1லிருந்து 2022ன் 1.4க்கு இறங்கியதற்குக் கோவிட் செலவு தானாக முடிந்ததே பெரிய காரணம்.

வெறும் டாலரில் பார்ப்பதையும் விடுங்கள். 1983ன் 208 பில்லியன் சின்னதாகத் தெரியும். நாட்டு உற்பத்தியில் அது சுமார் 6 சதவீதம். 2019ன் 984 பில்லியன் 4.6 சதவீதம்தான்.

சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம், மெடிகேர், மெடிகெய்ட் மருத்துவ உதவி, கடனுக்கான வட்டி என்று செலவில் பெரும்பகுதி யார் வந்தாலும் தானாக ஓடுகிறது. நாடாளுமன்றம் வருடாவருடம் ஓட்டுப் போட்டு ஒதுக்குவது சுமார் நாலில் ஒரு பங்குதான். அதையாவது ஒழுங்காகச் செய்கிறார்களா? எல்லா ஒதுக்கீட்டு மசோதாக்களையும் நேரத்துக்கு நிறைவேற்றியது கடைசியாக 1996ல். 2025ல் அரசு அலுவலகங்கள் 43 நாள் மூடிக் கிடந்தன. சம்பளம் வராமல் ஊழியர்கள் தவித்தார்கள், கடனில் ஒன்றும் குறையவில்லை. இரண்டு கட்சிக்கும் இதில் வெட்கம் இல்லை என்பது எனக்கு ஆறாத கோபம்.

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம். பற்றாக்குறை கூடினால் பாண்டு விழும் என்று அவர் சொல்வதை நேராகச் சோதிக்கலாம். ரீகன் காலத்தில் கடன் கிட்டத்தட்ட மூன்று மடங்கானது. ஆனால் பத்தாண்டுக் கருவூலப் பத்திரத்தின் வட்டி 1981ன் 15 சதவீதத்திலிருந்து 1989 தொடக்கத்தில் 9 அளவுக்கு இறங்கியது. வட்டி இறங்கினால் கையில் இருக்கும் பாண்டின் விலை ஏறும். மாறாக 2022ல் பற்றாக்குறை பாதியானது. அந்த வருடம்தான் பாண்டு ஃபண்டுகள் பல பத்தாண்டுகளில் காணாத அடி வாங்கின. காரணம் விலைவாசியும், மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை மளமளவென்று ஏற்றியதும். பாண்டு பற்றிக் கவலை இருந்தால் ஃபண்டில் உள்ள பத்திரங்களின் காலம் குறுகியதா நீண்டதா என்று பாருங்கள். தேர்தல் முடிவில் அதற்குப் பதில் இல்லை.

அன்யூட்டி விற்பவருக்குக் கமிஷன் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வரும். உங்கள் ரசீதில் அது தெரியாது. பதிலுக்கு உங்கள் பணம் ஏழு, பத்து வருடம் பூட்டப்படும். நடுவில் எடுத்தால் சரண்டர் கட்டணம். அவர் உங்களிடம் சொல்லியிருக்க வாய்ப்பில்லாத ஒன்றும் உண்டு. 55 வயதாகும் ஆண்டிலோ அதற்குப் பிறகோ வேலையை விட்டவர், அந்த வேலையின் 401கே கணக்கிலிருந்து 10 சதவீத அபராதம் இல்லாமல் பணம் எடுக்கலாம். உங்களுக்கு இந்தச் சலுகை இப்போது கையில் இருக்கிறது. ஐஆர்ஏ என்ற தனிநபர் ஓய்வுகாலக் கணக்கு வழியாக அன்யூட்டிக்கு மாற்றிய அன்றே அது போய்விடும். பிறகு 59½ வரை காத்திருக்க வேண்டும். கோயில், சங்கம், பள்ளி விழா என்று நம்மவர் கூடும் இடங்களில் தமிழில் அன்பாகப் பேசி இதை விற்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். தேர்தல் வருடம் வந்தால் கடன் பயம், மற்ற வருடங்களில் பங்குச்சந்தை பயம். சரக்கு ஒன்றேதான்.

அவரிடம் எழுத்தில் கேளுங்கள்: இந்த மாற்றத்தால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்? எல்லா நேரமும் என் நலனுக்கே சட்டப்படி கட்டுப்பட்டவரா? சரண்டர் கட்டணம் எந்த வருடம் எத்தனை சதவீதம்? தயங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தால், ஒப்பந்தத்தில் "ஃப்ரீ லுக்" என்ற பகுதியைத் தேடுங்கள். பெரும்பாலான மாநிலங்களில், பாலிசி கைக்கு வந்ததிலிருந்து 10 நாளோ அதற்கு மேலோ ரத்து செய்ய அவகாசம் உண்டு. முகவரிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்காமல், கம்பெனிக்கே நேரடியாக, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பணத்தை உங்கள் பெயருக்குக் காசோலையாக வாங்க வேண்டாம். பழைய 401கே அல்லது ஐஆர்ஏ கணக்குக்கு நேராகத் திருப்பச் சொல்லி அதே கடிதத்தில் எழுதுங்கள்.