புகுஷிமா: உலைய நிறுத்தின அப்புறமும் ஏன் உருகுச்சு? கேட்டவங்களுக்கு என் பதில்

வணக்கம் மக்களே. நான் அனல்மின் நிலையத்துல 22 வருஷம் கன்ட்ரோல் ரூம்ல இருந்தவன். அணு உலைல வேலை பாத்ததில்ல, ஆனா ஜப்பான்ல 2011ல நடந்த புகுஷிமா அணு உலை விபத்தோட விசாரணை அறிக்கைங்கள விடாம படிச்சிருக்கேன். வந்த கேள்வியில சிலதுக்கு இங்க சொல்றேன்.

கார்த்தி: அண்ணா, பூகம்பம் வந்த உடனே உலை தானா நின்னுடுச்சுன்னு சொல்றாங்க. அப்புறம் எப்படி உருகுச்சு?

நின்னுச்சு தம்பி, அது உண்மை. மார்ச் 11 மதியம் 2:46க்கு 9.0 அளவுல ஆடுச்சு, ஓடிட்டிருந்த 1, 2, 3 மூணு யூனிட்டும் ஒழுங்கா நின்னுச்சு. ஆனா விறகடுப்புல விறக வெளிய இழுத்துட்டா உடனே ஆறிடுதா? தணல் கிடக்குதுல்ல, அது மாதிரி தான். யுரேனியம் பிளக்குறது நின்னாலும் பிளந்து வந்த கழிவு சூட்ட கக்கிட்டே இருக்கும். நிறுத்தின நொடியில முழு சக்தியில 6, 7 சதவீதம், ஒரு நாள் கழிச்சும் அரை சதவீதம் கிட்ட. கேக்க கம்மியா தெரியும், ஆனா 2ஆவது யூனிட்டுக்கு அது 10 மெகாவாட்டுக்கு மேல. தண்ணி ஓடிட்டே இருக்கணும், ஓட கரண்ட் வேணும்.

செல்வி: ஜெனரேட்டர் இருந்திருக்குமே சார்?

இருந்துச்சும்மா, பூகம்பத்துல வெளி லைன் போனதும் டீசல் எல்லாம் ஸ்டார்ட்டும் ஆச்சு. முக்கா மணி நேரம் கழிச்சு 14, 15 மீட்டர் உயரத்துக்கு அலை வந்துச்சு. 1ல இருந்து 4 வரைக்கும் நிக்கிற தரை கடல் மட்டத்துல இருந்து 10 மீட்டர் தான். டீசல் எங்க வச்சிருந்தாங்க தெரியுமா, பெரும்பாலும் கீழ்தளத்துல, சுவிட்ச்போர்டும் அங்க தான், உப்புத்தண்ணி புகுந்து எல்லாம் போச்சு. அந்த இடம் முதல்ல 35 மீட்டர் மேடு, கட்டும்போது வெட்டி 10க்கு இறக்கினாங்க, இத படிச்சப்ப எனக்கு மனசே ஆறல. 6ஆவது யூனிட்ல காத்துல குளிர்ற ஒரே ஒரு டீசல் தப்பிச்சுது, அது ஒண்ணு தான் 5, 6 ரெண்டையும் காப்பாத்துச்சு.

ரஹீம்: உள்ள இருந்தவங்க என்ன பண்ணாங்க?

1, 2 யூனிட்டோட கன்ட்ரோல் ரூம்ல பேனல் லைட் ஒண்ணொண்ணா அணைஞ்சு அலாரமும் நின்னுடுச்சு. எங்க யூனிட்ல ஒரு தடவ ரெண்டு நிமிஷம் பேனல் செத்துச்சு பாய், கை சில்லுனு ஆயிடுச்சு, அவங்களுக்கு நாள் கணக்குல. கார் பேட்டரிய கழட்டிட்டு வந்து மீட்டர்ல கோத்து, டார்ச் அடிச்சு தண்ணி மட்டம் பாத்தாங்க. 1ஆவது யூனிட்ல கரண்டே இல்லாம சூட்ட எடுக்குற ஐசொலேஷன் கண்டென்சர் இருந்துச்சு, ஆனா கரண்ட் போனப்ப வால்வு மூடிக்கிச்சு. அது ஓடுதான்னு தெரிஞ்சிக்க வெளிய ஆவி வருதான்னு எட்டிப் பாத்தாங்க, கொஞ்சம் வந்துச்சு, ஓடுதுன்னு நினைச்சிட்டாங்க. அதுக்கு முன்னாடி அது ஓடி யாருமே பாத்ததில்ல.

தண்ணி வத்தினதும் எரிபொருள் சூடேறி உருகுச்சு, அதோட உறையில இருக்குற ஜிர்கோனியம்ங்கிற உலோகம் ஆவியோட சேந்து ஹைட்ரஜன் வாயுவ கிளப்புச்சு. அந்த வாயுவால 12ஆம் தேதி 1ஆவது, 14ஆம் தேதி 3ஆவது, 15ஆம் தேதி 4ஆவது யூனிட் கட்டடம் வெடிச்சுது. நிலைய மேலாளர் மசாவோ யோஷிதா, மேல இருந்து நிறுத்த சொல்லியும் கடல் தண்ணிய உள்ள விட்டுட்டே இருந்தாரு. அந்த மனுஷனுக்கு நான் கையெடுத்து கும்பிடுவேன்.

பிரியா: கதிர்வீச்சுல எத்தன பேர் செத்தாங்க?

கதிர்வீச்சால இறந்தார்னு ஜப்பான் அரசு ஒத்துக்கிட்டது 2018ல ஒரு தொழிலாளிய, நுரையீரல் புற்றுநோய். ஆனா வெளியேத்துனதுல, அலைச்சல்ல, தங்கல் முகாம்ல வாடிப் போய் இறந்தவங்க புகுஷிமா மாகாணத்துல மட்டும் 2,300க்கு மேல. படுத்த படுக்கையா இருந்த நோயாளிங்கள பஸ்ல ஏத்தி பல மணி நேரம் ஓட்டுனாங்க, வழியிலயே சிலர் போயிட்டாங்க. நம்ம ஊர்ல வெளியேத்துற ஒத்திகை நடக்கும்போது வயசானவங்கள யார் தூக்குவா, மருந்து யார் எடுப்பான்னு தயவு செஞ்சு கேளுங்க.

முருகன்: இது தவிர்க்கவே முடியாததா?

இல்லங்க. 2008லயே 15.7 மீட்டர் அலை வரலாம்னு கம்பெனி உள்ளயே கணக்கு போட்டாங்க, சுவரும் எழுப்பல, டீசலையும் மேல ஏத்தல. ஜப்பான் நாடாளுமன்றம் போட்ட கமிட்டி 2012ல மனுஷன் செஞ்ச பேரழிவுன்னே எழுதுச்சு. பூகம்ப மையத்துக்கு இன்னும் கிட்ட இருந்த ஒனகாவா நிலையம் 14.8 மீட்டர் உயரத்துல கட்டினது, அங்க 13 மீட்டர் அலை வந்தும் தப்பிச்சுது. வீடு போன ஊர்க்காரங்க அந்த நிலையத்து ஜிம்ல தான் தங்கினாங்க.

நம்ம கல்பாக்கத்துலயும் 2004 சுனாமில கடல் தண்ணி பம்ப் ஹவுஸ் மூழ்குச்சு, ஓடிட்டிருந்த 2ஆவது யூனிட்ட பத்திரமா நிறுத்திட்டாங்க, ஆனா டவுன்ஷிப்ல உயிர் போச்சு.

செல்வி: இப்ப அங்க எல்லாம் முடிஞ்சிடுச்சா சார்?

எங்கம்மா முடியறது. உருகி உறைஞ்சு கிடக்குற எரிபொருள் கழிவு சுமார் 880 டன். 2024 நவம்பர்ல தான் முதல் தடவயா ரோபோ வச்சு கொஞ்சம் வெளிய எடுத்தாங்க, அது ஒரு கிராம் கூட இல்ல.