புற்றுநோய் திரும்ப வந்த பிறகு வேலையையும் குடும்பத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி கேட்டிருக்கும் சகோதரி, ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு மார்பகப் புற்றுநோய் எலும்பில் திரும்பியிருக்கிறது என்றும், வேலையை விட்டுவிடும்படி வீட்டில் எல்லாரும் வற்புறுத்துகிறார்கள் என்றும், பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய இதே நிலையில் இருப்பவள் என்பதால் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

எனக்கு 48 வயது. மயிலாடுதுறை மாவட்டத்தில் கிராம நிர்வாக அலுவலராகப் பணிபுரிகிறேன். 2016இல், என் நாற்பதாவது வயதில், இடது மார்பில் இரண்டாம் நிலைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அறுவைச் சிகிச்சை, எட்டு முறை கீமோ, கதிர்வீச்சு, அதன்பின் ஐந்து ஆண்டுகள் டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை என்று எல்லாவற்றையும் முறையாக முடித்தேன். ஐந்து ஆண்டுகளைக் கடந்துவிட்டால் நோய் ஒழிந்தது என்று ஊரில் எல்லாரும் சொல்வதை நானும் நம்பியிருந்தேன்.

2024 தொடக்கத்தில் இடுப்புக்குச் சற்று மேலே வலி ஆரம்பித்தது. குண்டும் குழியுமான சாலையில் தினமும் வண்டி ஓட்டுவதால் வருகிறது என்று எண்ணினேன். அருகில் இருந்த மருத்துவரும் அப்படியே சொல்லி வலி மாத்திரை கொடுத்தார். என் பழைய நோயைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மக்களவைத் தேர்தல் நெருங்கியிருந்தது. வாக்குச்சாவடிகளில் குடிநீர், சாய்தளம், மின்விளக்கு ஆகியவற்றைச் சரிபார்க்கும் பொறுப்பு எங்களுடையது என்பதால், ஏப்ரல் 19 வாக்குப்பதிவு முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். இரவில் புரண்டு படுக்க முடியாத வலி வந்த பிறகும் தள்ளிப்போட்டதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். ஒருமுறை இந்த நோய் வந்தவருக்கு, ஓய்வெடுத்தாலும் குறையாத, இரவில் கூடுகிற எலும்பு வலி வந்தால், வேறு எந்தக் காரணத்தையும் கற்பித்துக்கொள்ளாமல் முதலில் புற்றுநோய் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மே மாதம் எடுத்த, உடலில் நோய் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலும் இடுப்பெலும்பிலும் நோய் தெரிந்தது. ஹார்மோனைச் சார்ந்து வளரும் என் வகைப் புற்றுநோயில் சில செல்கள் எலும்பு மஜ்ஜையில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, பத்து, இருபது ஆண்டுகள் கழித்துக்கூட விழித்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் விளக்கினார். உணவிலோ மன உளைச்சலிலோ நான் செய்த தவறால் இது திரும்பவில்லை என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது. எலும்பிலிருந்து மறுபடியும் திசு எடுத்துச் சோதித்தார்கள். திரும்பி வரும் நோயின் தன்மை முதலில் வந்ததிலிருந்து மாறியிருக்கக்கூடும் என்பதால், உங்களுக்கும் அந்தச் சோதனை தேவையா என்று கேளுங்கள்.

முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் வீடு புரிந்துகொள்ளச் சில வாரங்கள் ஆயின. முதல் முறை எட்டு மாதம் விடுப்பு எடுத்தேன். வீட்டில் இருந்தவர்கள் தங்கள் காரியங்களை ஒதுக்கி வைத்துவிட்டு என்னைக் கவனித்தார்கள். ஒரு நாள் அது முடிந்தது. இம்முறை, நோயை முழுவதுமாக நீக்க முடியாது, பல ஆண்டுகள் கட்டுக்குள் வைத்திருக்க முயலலாம், மருந்து பலன் தரும்வரை நிறுத்தாமல் தொடர வேண்டும் என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனாலும் பழைய பழக்கத்தில் என் கணவர் உரக்கடையைப் பாதி நாள் மூடினார், மாமியார் என்னை அடுப்படிக்குள் விடவில்லை, பதினோராம் வகுப்பில் சேர்ந்த மகள் டியூஷனை நிறுத்திவிட்டாள். ஆறாவது வாரத்தில் எல்லாரும் களைத்துப்போய், ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழத் தொடங்கினோம். எட்டு மாதத்துக்குச் செய்த ஏற்பாட்டை வருடக்கணக்கில் சுமக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. கணவர் கடையை முழுநேரம் திறந்தார், மகள் டியூஷனுக்குத் திரும்பினாள், குடம் தூக்குவதைத் தவிர அடுப்படி வேலையில் பாதி என்னிடம் வந்தது.

சிகிச்சையை நாட்காட்டியில் எழுதி வைத்தோம். வலிக்காக முதுகெலும்பில் ஒரே ஒரு முறை கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஹார்மோன் சுரப்பதைக் குறைக்கச் சூலகங்களை அறுவைச் சிகிச்சையில் அகற்றினார்கள். தினமும் லெட்ரோசோல் என்ற ஹார்மோன் குறைப்பு மாத்திரை, புற்றுநோய் செல்கள் பெருகுவதைத் தடுக்கும் பால்போசிக்லிப் 21 நாள், அதன்பின் ஏழு நாள் இடைவெளி, எலும்பை வலுப்படுத்த ஜோலெட்ரோனிக் அமிலம் நரம்பு வழியாக. இந்த எலும்பு மருந்து தாடை எலும்பைப் பாதிக்கக்கூடும் என்பதால் அதைத் தொடங்கும் முன்பே பல் மருத்துவரிடம் காட்டிச் சொத்தைப் பல்லைச் சரிசெய்துகொண்டேன். பால்போசிக்லிப் ஒரு காலத்தில் என் மாதச் சம்பளத்தையே விழுங்கும் விலையில் இருந்த மருந்து. 2023 ஜனவரியில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் எங்களைப் போன்றவர்களால் வாங்க முடிகிறது. விலை கேட்டு மனம் தளர்ந்துவிடாமல், மாற்று நிறுவனத் தயாரிப்பு இருக்கிறதா என்று மருத்துவரிடமே கேளுங்கள். சென்னைக்கு உழவன் விரைவு வண்டியில் போய்வருகிறேன். புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில்வே தரும் கட்டணச் சலுகையை, மருத்துவமனைச் சான்றிதழுடன் தவறாமல் பெற்றுக்கொள்ளுங்கள்.

வேலையை நான் விடவில்லை. சம்பளமும் அரசு ஊழியர் மருத்துவக் காப்பீடும் முதல் காரணம், அதை மறைக்க விரும்பவில்லை. நவம்பரில் சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் என்ற சாகுபடிச் சான்று வாங்க விவசாயிகள் வரிசையில் நிற்கும்போது, அவர்களுக்கு நான் நோயாளி அல்ல, கையெழுத்துப் போட வேண்டிய அலுவலர். அந்த நான்கைந்து மணி நேரம் எனக்கு எந்த மாத்திரையும் தராத தெம்பைத் தருகிறது. ஆனால் பழையபடி எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்ய முடியாது. வட்டாட்சியரைச் சந்தித்து, அனுதாபத்தைக் கேட்காமல், மூன்று காரியங்களைக் கேட்டேன்: வீட்டுக்கு அருகிலுள்ள கிராமத்துக்கு மாறுதல், மருந்தின் மூன்றாவது வாரத்தில் இரவுப் பணி வேண்டாம், மருத்துவமனை நாட்களுக்கு முன்கூட்டியே விடுப்பு. மூன்றும் கிடைத்தன. ஈட்டிய விடுப்பை மொத்தமாக எடுத்துத் தீர்த்துவிடாமல் ஒன்றிரண்டு நாளாகப் பயன்படுத்துகிறேன். வயல் தணிக்கைக்குக் கிராம உதவியாளர் தம் வண்டியில் மெதுவாக அழைத்துப் போகிறார். நாள் முழுவதும் பளு தூக்குகிற, நின்றுகொண்டே செய்கிற வேலையில் இருப்பவர்கள் விட நேர்ந்தால், அது தோல்வி அல்ல. முடிவை உங்கள் உடலும் மருத்துவரும் சொல்லட்டும். உறவினர்களின் அச்சம் சொல்ல வேண்டாம்.

பிள்ளைகளைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கடினமாக இருக்கிறது. பொதுத்தேர்வு முடியும்வரை மகளிடம் மறைக்கலாம் என்று நானும் கணவரும் பேசி வைத்திருந்தோம். ஸ்கேன் அறிக்கையை அவள் என் கைப்பேசியில் முன்பே படித்துவிட்டு, நான்கு நாட்கள் ஒன்றும் தெரியாதவள் போல எங்களுக்காக நடித்திருக்கிறாள். ஐந்தாம் நாள் இரவு மாடியில் துணி எடுக்கும்போது, "இது எப்பம்மா முடியும்?" என்று கேட்டாள். முடியாது, மாத்திரை தொடரும், ஆனால் நான் இப்போது இங்கேதான் இருக்கிறேன் என்று சொன்னேன். நீண்ட நேரம் கழித்து, "எனக்கும் வருமா?" என்றாள். மரபணுச் சோதனை செய்துகொண்டேன். பரம்பரையாக மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ என்ற மரபணு மாற்றம் எனக்கு இல்லை. இருந்தாலும் முப்பது வயதிலிருந்து அவள் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் கூறியதை அவளிடம் அப்படியே சொல்லிவிட்டேன். அந்த நான்கு நாட்களை அவள் தனியாகக் கழித்ததை என்னால் மறக்க முடியவில்லை. அதனால் ஆறாம் வகுப்பு படிக்கும் மகனிடம் மறுநாளே, புற்றுநோய் என்ற பெயரைச் சொல்லியே பேசினோம். அவன் உடனே கேட்டது, பள்ளிக்கு யார் கொண்டுவிடுவார்கள் என்பதுதான்.

இவை தவிர உங்கள் வீட்டார் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு. பால்போசிக்லிப் மாத்திரை வெள்ளையணுக்களைக் குறைப்பதால் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகெலும்பில் நோய் இருப்பவருக்குக் கால்கள் திடீரென்று பலமிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தாலோ, அதுவும் காத்திருக்கக்கூடாத அவசரம். எங்கள் வீட்டில் இவற்றை மகள் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அதற்கு முந்தைய வாரம் எனக்குத் தூக்கம் வருவதில்லை. மாமியாரும் விழித்திருந்து, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அடுத்தது வரும் மாதம் இரண்டாவது வாரத்தில். வண்டிக்குப் பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது.