மேலே அறிவித்த மாறி கீழே ஏன் தெரிவதில்லை?

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட் நிரலின் தொடக்கத்தில் 'லெட் விலை = 100' என்று எழுதியிருக்கிறேன். கீழே ஓர் இஃப் தொகுதிக்குள் விலையை அச்சிட்டால், 'தொடக்க மதிப்புக்கு முன் விலையை அணுக முடியாது' என்ற பொருளில் ரெஃபரன்ஸ் எரர் வருகிறது. எல்லா லெட்டையும், மாறியை அறிவிக்கும் பழைய சொல்லான வார் ஆக்கினால் பிழை போய்விடுகிறது. அப்படியே விடலாமா?

பதில்: விடாதீர்கள். அச்சிடும் வரிக்குக் கீழே, அதே இஃப் தொகுதிக்குள் 'லெட் விலை = 80' போல இன்னொரு அறிவிப்பு இருக்கும், தேடிப் பாருங்கள். 2015-இல் வந்த லெட், கான்ஸ்ட் என்ற அறிவிப்புச் சொற்கள் இரண்டுக்கும் தொகுதியைச் சூழும் நெளிவு அடைப்புக்குறிதான் எல்லை. தொகுதிக்குள் நுழைந்ததுமே 'விலை' என்ற பெயர் உள் மாறிக்குப் போய்விடும்; வெளியே உள்ள 100 மறைந்துவிடும். ஆனால் உள் மாறிக்கு மதிப்பு கிடைப்பது அறிவிப்பு வரியில்தான். அதற்கு முன் தொட்டால் பிழை. இந்த இடைவெளிக்கு டெம்போரல் டெட் சோன் என்று பெயர்.

வார் இஃப் தொகுதியை எல்லையாகக் கொள்ளாது. இரண்டும் ஒரே மாறியாகிவிடும். முதலில் 100 அச்சாகும், பிறகு வெளியே உள்ள விலையும் சத்தமில்லாமல் 80 ஆகிவிடும். பில் தொகை தப்பாக வந்தபிறகுதான் தெரியும். பிழைச்செய்தி வருவதே நல்லது.

லெட்டையே வைத்துக்கொண்டு, உள் மாறிக்குத் 'தள்ளுபடிவிலை' என்று வேறு பெயர் கொடுங்கள். (தமிழ்ப் பெயர்களை ஜாவாஸ்கிரிப்ட் ஏற்கும்.) 'நாட் டிஃபைண்ட்' என்று வந்தால் அது வேறு சிக்கல்: அந்த இடத்தில் அப்படியொரு பெயரே இல்லை. எழுத்துப்பிழையை முதலில் பாருங்கள்.