முக்காடு விலகாத முகங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கே: 2011-ல் அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனமான டிசி 52 தொடர்களை ஒன்றாம் எண்ணிலிருந்து புதிதாகத் தொடங்கியது. அந்த 52 முதல் இதழ்களிலும் முக்காடு போட்ட ஒரு பெண் வருகிறாள் என்கிறார்கள். என் கண்ணுக்கு மூன்றில்தான் அகப்பட்டாள். மற்றவற்றில் எங்கே தேடுவது? யார் அவள்?

ப: முதலில் அவளை முழுதாகப் பார்த்துவிடுங்கள். 2011 ஆகஸ்ட் 31-ல் வெளிவந்த ஃப்ளாஷ்பாயிண்ட் ஐந்தாம் இதழில், அதிவேக நாயகன் ஃப்ளாஷ் காலத்தினூடே ஓடும் பக்கங்களில் அவள் வெளிப்படையாக நின்று பேசுகிறாள். மூன்றாகப் பிரிந்து கிடக்கும் காலக்கோடுகள் ஒன்றாக வேண்டும் என்பது அவள் பேச்சின் சாரம். முக்காட்டின் வெட்டும் ஊதா சார்ந்த அதன் நிறமும் மனதில் பதிந்த பிறகு மற்ற இதழ்களைக் கையில் எடுங்கள்.

தேடும்போது வசனத்தைப் படிக்கக் கூடாது. இந்த வேட்டையில் பலர் தோற்பது இங்கேதான். காமிக்ஸ் பக்கத்தில் நம் கண் ஒரு பேச்சுக்குமிழியிலிருந்து அடுத்த குமிழிக்குத் தாவும், இடையில் இருக்கும் கூட்டத்தைத் தாண்டிப் போய்விடும். அவளுக்கோ பெரும்பாலும் குமிழியே கிடையாது. கதையை ஒருமுறை வழக்கம்போலப் படித்து முடியுங்கள். இரண்டாம் சுற்றில் அகலக் கட்டங்களை மட்டும் பாருங்கள்: கூட்டம், தெரு, மொட்டைமாடி, இடிபாடு. நாயகனின் முகம் மட்டும் நிறைந்த நெருக்கக் கட்டங்களை விட்டுவிடலாம், அங்கே அவளுக்கு இடமில்லை. அகலக் கட்டங்களில் நடுவை விடுத்து நான்கு ஓரங்களையும் பாருங்கள். இருந்தும் கிடைக்கவில்லையென்றால் நிறத்தை மறந்து உருவக்கோட்டைத் தேடுங்கள். 52 தொடர்களுக்கும் ஓவியர்கள் பலர், வண்ணக்காரர்களும் பலர். இருட்டுக் காட்சியில் அந்த ஊதா கறுப்பாகவோ நீலமாகவோ மாறிவிடும்.

அவள் எங்கே நிற்கிறாள் என்பதைவிட எந்தக் காலத்தில் நிற்கிறாள் என்பதுதான் சுவையான விஷயம். ஆல்-ஸ்டார் வெஸ்டர்ன் 1880-களின் காத்தம் நகரில் நடக்கும் கதை. டீமன் நைட்ஸ் இடைக்காலத்தில் நடப்பது. லீஜியன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸோ 31-ஆம் நூற்றாண்டு. மூன்றிலும் அதே பெண் நிற்கிறாள் என்றால் அவள் சாவில்லாதவள், அல்லது காலத்தைத் தாண்டக் கூடியவள். ஒரு வரி விளக்கமும் தராமல், படங்களை வைத்தே வாசகரை இந்த முடிவுக்கு வரவைத்தார்கள். அந்த ஆண்டின் மிக நேர்த்தியான கதைசொல்லல் என்று இதைத்தான் சொல்வோம்.

அவள் பாண்டோரா. பெயர் 2012-ல் கதைக்குள் வந்தது. ஆதிகாலத்தில் பெட்டியைத் திறந்து ஏழு பாவங்களை உலகில் விட்டவள், அதற்காக மந்திரவாதிகள் சபையால் முடிவில்லாமல் அலையச் சபிக்கப்பட்டவள் என்று கதை போயிற்று. 2013-ல் அவள் பெயரிலேயே தொடங்கிய தொடர் 14 இதழ்களோடு நின்றது. 2016 மே மாத ரீபெர்த் சிறப்பிதழில், கண்ணுக்குத் தெரியாத ஒரு சக்தி அவளைச் சில பக்கங்களில் அழித்துவிடுகிறது. பேசாமல் நின்ற 52 கட்டங்களில் கிடைத்த மரியாதை, பேச வந்த 14 இதழ்களில் கிடைக்கவில்லை.

கே: ஒரு மர்மப் பாத்திரத்தைப் பற்றி "இங்கேயும் அவர் இருக்கிறார்" என்று ரசிகர்கள் பக்கத்தைக் காட்டுவதை எந்த அளவுக்கு நம்பலாம்?

ப: எந்தப் பதிப்பைக் காட்டுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பழைய இதழ்கள் மட்டமான செய்தித்தாள் காகிதத்தில், புள்ளி புள்ளியாக நான்கு மைகளில் அச்சானவை. ஒரு மைத் தகடு நூலிழை விலகினாலே வழிப்போக்கனின் தோளில் புது நிறம் ஏறிவிடும், ரசிகர் அதை மேலங்கி என்பார். பின்னாளில் வந்த தொகுப்புகளில் பல கதைகளுக்குக் கணினியில் மறுவண்ணம் பூசியிருக்கிறார்கள். அங்கே இதற்கு நேர்மாறான கோளாறு: வேண்டுமென்றே வைத்த நிறக் குறிப்பு ஒரேயடியாகக் காணாமல் போய்விடும். எனவே முதல் அச்சு ஒன்று, மறுபதிப்பு ஒன்று என இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் ஒரே உருவக்கோடு இருந்தால்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

குறித்து வைக்கும்போது தொடரின் பெயர், இதழ் எண், பக்கம், கட்டம், எந்தப் பதிப்பு ஆகிய ஐந்தும் இருக்கட்டும். பக்கத்தை எண்ணும்போது விளம்பரத்தைச் சேர்க்காதீர்கள். தொகுப்பில் விளம்பரம் இருக்காது என்பதால் எண் மாறிப் போகும், உங்கள் குறிப்பை வைத்து யாராலும் சரிபார்க்க முடியாது.

தொகுப்பில் காணாமல் போகும் இன்னொன்று வாசகர் கடிதப் பக்கம். இணையம் வருவதற்கு முன் ஊகங்கள் எல்லாம் அங்கேதான் ஓடின. ஓர் இதழைப் பற்றிய கடிதம் சில மாதங்கள் தள்ளித்தான் அச்சாகும். எனவே மர்மம் முளைத்த இதழோடு நிற்காமல் அடுத்த ஐந்தாறு இதழ்களின் கடிதப் பக்கங்களையும் பாருங்கள்.

கே: டிசியின் ஃபாண்டம் ஸ்ட்ரேஞ்சர் உண்மையில் யார்? ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள்.

ப: டிசியே அப்படித்தான் சொன்னது, அதுவும் ஒரே இதழில் நான்கு விதமாக.

தொப்பியின் நிழலில் கண்கள் மறைந்திருக்கும், மேலங்கியும் பதக்கமும் அணிந்த இந்த ஆசாமி 1952-ல் ஜான் புரூமும் கார்மைன் இன்ஃபான்டினோவும் உருவாக்கியவர். முதல் தொடர் ஆறே இதழ்கள். 1969-ல் ஷோகேஸ் என்ற பத்திரிகையின் 80-ஆம் இதழில் திரும்பி வந்தார். அதே ஆண்டு தொடங்கிய இரண்டாம் தொடர் 1976 வரை 41 இதழ்கள் ஓடியது. யார், எவர், ஏன் வருகிறார் என்ற எதற்கும் அதில் பதில் இல்லை. 1972-ல் ஜஸ்டிஸ் லீக் 103-ஆம் இதழில் நாயகர்கள் தங்கள் சங்கத்தில் சேரச் சொல்லிக் கேட்கிறார்கள். ஆள் பதிலே சொல்லாமல் போய்விடுகிறார். அவர் உறுப்பினரா இல்லையா என்று ரசிகர்கள் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள்.

1987 ஜனவரி தேதியிட்ட சீக்ரெட் ஆரிஜின்ஸ் 10-ஆம் இதழ்தான் நீங்கள் தேட வேண்டியது. அதில் நான்கு கதைகள், நான்கு எழுத்தாளர்கள். மைக் பார் எழுதியதில், ஏரோதின் வீரர்களிடம் குடும்பத்தைப் பறிகொடுத்து, இயேசுவின் மீது வன்மம் தீர்த்து, அலைந்து திரியச் சபிக்கப்பட்டவர். பால் லெவிட்ஸ் எழுதியதில், அழியவிருந்த நகரிலிருந்து தேவதூதரால் தனியே தப்ப வைக்கப்பட்டவர். டான் மிஷ்கின் எழுதியதில், பிரபஞ்சத்தின் முடிவோடும் அடுத்த பிரபஞ்சத்தின் பிறப்போடும் தொடர்புடையவர். ஆலன் மூர் எழுதியதில், சொர்க்கத்தில் கலகம் மூண்டபோது எந்தப் பக்கமும் சேராததால் இரு தரப்பும் கைவிட்ட ஒரு தேவதூதர். எது மெய் என்று அந்த இதழ் தீர்ப்புச் சொல்லவில்லை.

2012 செப்டம்பரில் வந்த, அவருடைய புதிய தொடரின் பூஜ்யமாம் இதழ் அந்தச் சுதந்திரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கழுத்தில் முப்பது வெள்ளிக்காசு மாலை, செய்த துரோகத்துக்குத் தண்டனையாக அலைச்சல், பரிகாரம் செய்யச் செய்ய ஒவ்வொரு காசாகக் கழன்று விழும் ஏற்பாடு. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் என்று பெயர் சொல்லவும் வேண்டுமா? ஓவியத்தில் அந்த மாலை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முப்பதில் எத்தனை மிச்சம் என்று எண்ண ஆரம்பித்தவுடனே, அவர் எந்த நேரத்தில் எதற்காக வருவார் என்ற பழைய திகில் போய்விட்டது. 1987 இதழைப் படித்துவிட்டு இதைப் படியுங்கள். வரிசை மாறினால் நான்கு கதைகளும் சுவைக்காது.

கே: ஸ்பைடர்மேனின் எதிரி ஹாப்காப்ளினுக்கு இரண்டு ஆட்களின் பெயரைச் சொல்கிறார்களே, எது சரி?

ப: ரோடரிக் கிங்ஸ்லி. நெட் லீட்ஸ் என்ற விடையும் ஒரு காலத்தில் அதிகாரபூர்வமாகவே இருந்தது. குழப்பத்துக்குக் காரணம் கதைக்குள் இல்லை, எழுத்தாளர் மாறியதில் இருக்கிறது.

1983 மார்ச் தேதியிட்ட அமேசிங் ஸ்பைடர்மேன் 238-ஆம் இதழில், ஜார்ஜ் ஹில் என்ற திருடன் தப்பி ஓடும் வழியில், ஸ்பைடர்மேனின் பழைய எதிரி கிரீன் காப்ளினின் மறைவிடத்தைக் கண்டுபிடிக்கிறான். அதைக் காட்ட ஒருவரை அழைத்து வருகிறான். அந்த ஒருவரின் முகத்தை நமக்குக் காட்டுவதில்லை. ஹில்லைக் கொன்றுவிட்டு, கருவிகளையும் உடையையும் அவர் எடுத்துக்கொள்கிறார். எழுதியவர் ரோஜர் ஸ்டெர்ன். விடையைச் சொல்லும் முன்பே அவர் தொடரை விட்டு விலகிவிட்டார்.

1987-ல் வெளியான ஸ்பைடர்மேன் – வுல்வரின் தனி இதழில் பத்திரிகையாளர் நெட் லீட்ஸ் கொல்லப்படுகிறார். அதே ஆண்டு அமேசிங் ஸ்பைடர்மேன் 289-ஆம் இதழில், செத்துப் போன லீட்ஸ்தான் ஹாப்காப்ளின் என்று பீட்டர் டேவிட் எழுதினார். முகமூடி கழலும் காட்சி இல்லை, வாக்குமூலம் இல்லை, பிறர் தரும் தகவலாகவே உண்மை வந்து சேர்ந்தது. ரசிகர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: காப்ளின் மருந்தால் மனித சக்திக்கு மீறிய வலு பெற்றவனைச் சாதாரணக் கூலிக் கொலையாளிகளால் எப்படித் தீர்த்துக்கட்ட முடிந்தது?

அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டே ஸ்டெர்ன் 1997-ல் ஹாப்காப்ளின் லிவ்ஸ் என்ற மூன்று இதழ்க் கதையில் திரும்பி வந்தார். லீட்ஸ் மூளைச்சலவை செய்யப்பட்ட பதிலாள், அசல் ஆள் உடையலங்காரத் தொழிலதிபர் கிங்ஸ்லி. கிங்ஸ்லியும் ஹாப்காப்ளினும் ஒரே அறையில் இருந்த பழைய காட்சி இடித்தது. சாயலில் ஒத்த சகோதரன் டேனியல் அண்ணனின் இடத்தில் உட்கார்ந்திருந்தான் என்று அதையும் அடைத்தார். சகோதரன் உத்தி கொஞ்சம் மலிவுதான், ஒப்புக்கொள்கிறோம். இருந்தாலும் 238-ஐயும் இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தால் தையல் தெரியாது. நடுவிலுள்ள 289-ஐச் சேர்த்தால் தெரியும்.

கே: எக்ஸ்-மென் தொடரின் நாயகர்களில் ஒருவரான சைக்ளாப்ஸின் மூன்றாவது சகோதரன் விவகாரம் எங்கே தொடங்குகிறது?

ப: ஒரு பன்மையில். 1993-ல் எக்ஸ்-மென் இரண்டாம் தொடரின் 23-ஆம் இதழில், வில்லன் மிஸ்டர் சினிஸ்டர் 'சகோதரர்கள்' என்று வாய்விடுகிறான். சைக்ளாப்ஸுக்குத் தெரிந்தது ஒரே தம்பிதான். ஏற்கனவே வந்த பாத்திரங்களான காம்பிட்டாக இருக்குமோ, ஆடம்-எக்ஸாக இருக்குமோ என்று ஊகங்கள் பல ஆண்டுகள் பறந்தன. அந்த வரியை எழுதிய ஃபேபியன் நிசியேசா ஆடம்-எக்ஸை மனதில் வைத்திருந்தார். கடைசியில் 2006-ல் முடிந்த டெட்லி ஜெனிசிஸ் கதையில், எட் புரூபேக்கர் வல்கன் என்ற புத்தம்புது ஆளைக் கொண்டுவந்தார். ஊகித்தவர்கள் யாருக்கும் வாய்ப்பே தராத விடை. பழைய இதழ்களைக் குடைந்தவர்களுக்குக் கோபம் வந்ததில் நியாயம் உண்டு.

கே: மர்மப் பாத்திரத்தின் 'முதல் தோற்றம்' என்று எந்த இதழைக் குறிக்க வேண்டும்? நிழலில் வந்ததையா, முகம் காட்டியதையா?

ப: இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். டிசியின் மானிட்டர் என்ற பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1982 ஜூலை தேதியிட்ட நியூ டீன் டைட்டன்ஸ் 21-ஆம் இதழில், வில்லன்களுக்கு உதவும் நிழல் மனிதராக வருகிறார். அதன்பின் டிசியின் பல தொடர்களில் முகம் காட்டாமல் தலைநீட்டினார். முழு உருவம் தெரிந்தது 1985 பிப்ரவரி தேதியிட்ட ஜி.ஐ. காம்பேட் 274-ல். அது போர்க்கதைப் பத்திரிகை! அவர் முக்கியப் பங்கு வகித்த கிரைசிஸ் பெருங்கதை தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க இதழ்களின் அட்டையில் இருக்கும் மாதம், விற்பனைக்கு வந்த மாதத்தைவிட வழக்கமாக இரண்டு மூன்று மாதம் பிந்தியிருக்கும். கடைக்காரர் அந்த மாதம் வரை இதழை அடுக்கில் வைத்திருக்கட்டும் என்பதற்காக வந்த பழக்கம். ஒரு பட்டியலில் அட்டைத் தேதியும் விற்பனைத் தேதியும் கலந்துவிட்டால், எது முதலில் வந்தது என்ற வாதமே தலைகீழாகிவிடும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பட்டியல் முழுக்க அதையே பின்பற்றுங்கள்.

கே: சொந்தமாகக் காமிக்ஸ் வரைகிறேன். பின்னணியில் இப்படி ஒரு மர்ம ஆளை வைக்க ஆசை. எப்படிச் செய்வது?

ப: முதல் கட்டத்தை வரையும் முன், அவர் யார், ஏன் அங்கே இருக்கிறார் என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடுங்கள். எழுத வரவில்லையென்றால் ஆள் இன்னும் தயாராகவில்லை.

உருவத்துக்கு ஓர் அடையாளம் போதும், அது வெளிக்கோட்டில் இருக்க வேண்டும்: முக்காடு, அகலத் தொப்பி, கோணல் கைத்தடி, இப்படி ஏதாவது ஒன்று. நிறத்தை நம்பாதீர்கள், கறுப்பு வெள்ளையில் அச்சாகும் நாளில் அது கைவிட்டுவிடும். சோதனை எளிது. அந்தக் கட்டத்தை விரல்நகம் அளவுக்குச் சுருக்கி, உருவத்தைக் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவரிலிருந்து பிரித்துச் சொல்ல முடிந்தால் சரி.

24 பக்க இதழில் ஒருமுறை காட்டினால் போதும். மூன்று முறை காட்டினால் அவர் துணைப்பாத்திரம், விளக்கம் கேட்பார்கள். முதல் இரண்டு இதழ்களில் வசனம் வேண்டாம், மற்ற பாத்திரங்கள் அவரைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். மூன்றாவதில் ஒரே ஒருவர் பார்க்கட்டும். அந்தப் பார்வைதான் வாசகரைப் பழைய இதழ்களைப் புரட்ட வைக்கும். அப்படிப் புரட்டும்போது முந்தைய இரண்டு இடங்களிலும் அவர் உண்மையிலேயே நின்றிருக்க வேண்டும், பிறகு வரைந்து ஒட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

முதலில் எழுதிய அந்த ஒரு பக்கத்தை உங்களோடு வேலை செய்யும் எடிட்டரிடமோ ஓவியரிடமோ ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். தொடர் கைமாறினால், அடுத்து எழுத வருபவருக்கு முதலில் போய்ச் சேர வேண்டிய தாள் அதுதான்.