குளச்சலில் தடைக்காலம், கேமில் ஓநாய்

அன்புச் சகோதரிக்கு,

பையன் ராத்திரியெல்லாம் கேம் விளையாடுகிறான், பிளஸ் ஒன் மார்க் போச்சு என்று சனிக்கிழமை நீங்கள் கண் கலங்கினீர்கள். நீங்கள் போன் பேச வெளியே போனபோது அவன் ஒரு லாங் சைஸ் நோட்டைக் காட்டினான். புல், ஆடு, ஓநாய் என்று மூன்று கட்டம், நடுவே அம்புக்குறிகள். "எத்தனை ஓநாயைக் கொன்னாலும் அஞ்சு நிமிஷத்துல அதே இடத்துல வந்து நிக்குது சார். அந்த உலகத்துல நாம என்ன செஞ்சாலும் எதுவும் மாறாது" என்றான்.

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறான். 1997-ல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' விளையாட்டில், அவன் நோட்டில் வரைந்த இந்தச் சங்கிலியையே செய்து பார்த்தார்கள். ஆடு புல்லைத் தின்னும், ஓநாய் ஆட்டைத் தின்னும், இரை குறைந்தால் ஓநாய் இடம் மாறும் என்பது திட்டம். ஆனால் விளையாட உள்ளே வந்த கூட்டம், குட்டி போட அவகாசமே தராமல் எல்லாவற்றையும் கொன்று தீர்த்தது. கணினிக்கும் அது பெரிய சுமை. கடைசியில் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள். இன்றும் பெரும்பாலான ஆன்லைன் விளையாட்டுகள் கொன்ற மிருகத்தை அப்படியே திரும்ப நிறுத்திச் சமாளிக்கின்றன.

இந்தச் சிக்கல் கடலை நம்பி வாழும் உங்கள் வீட்டுக்குப் புதிதா? மீன் இனப்பெருக்கத்துக்காக ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை குளச்சலில் விசைப்படகு கடலுக்குப் போவதில்லை. கிழக்கே சின்னமுட்டத்தில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எவ்வளவு பிடித்தால் கடல் தாங்கும் என்ற கணக்குதான் அவன் நோட்டில் இருப்பதும்.

நீங்கள் கொண்டுவந்த அந்த 'கேம் டிசைன்' டிப்ளமோ நோட்டீஸை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். லட்சக்கணக்கில் பணம் கட்ட இது நேரமில்லை. அவனுக்கு வேண்டியது கணக்கு, புள்ளியியல், புரோகிராமிங். பொறியியல் கட் ஆஃப் 200-ல் கணக்குக்கு மட்டும் 100. ஆகவே மேத்ஸ் குரூப்பை விடவே கூடாது. இதைப் படித்தால் கேம் கம்பெனிதான் கதி என்றில்லை. மீன்வளம், போக்குவரத்து, நோய்ப்பரவல் என்று பல துறைகளில் இதே கணக்கு வேண்டும்.

இப்படிப்பட்ட உலகங்களைக் கணினியில் ஓடவிட்டுப் பார்க்க நெட்லோகோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் ஓநாய், ஆடு, புல் மூன்றும் உள்ள ஒரு மாதிரி உலகம் தயாராகவே உண்டு. புல் வளரும் வேகத்தை மாற்றினால் ஆடும் ஓநாயும் ஏறி இறங்குவது கோடாகத் தெரியும். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் அதில் உட்காரட்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் உங்கள் கையில் இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்த சனிக்கிழமை நோட்டோடு வரச் சொல்லுங்கள். அவன் அப்பா கரையில் இருந்தால் அவரும் வரட்டும். எந்த மாதம் சாளை படும், எப்போது கணவாய் வரும் என்று அவர் சொல்லச் சொல்ல இவன் எழுதிக்கொள்ள வேண்டும்.